மஞ்சள் வாத்தில் குறைந்த துண்டு

அந்தத் தையல் தொழிற்சாலையில் நூற்று நாற்பது மெஷின்கள் ஓடுகின்றன. ஓடுகிற மெஷினைக் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லக்கூடியவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருவர் முதலாளி. அவர் வருவதே வருஷத்துக்கு ஒருமுறை, வந்தாலும் நிறுத்தச் சொல்ல மாட்டார். இன்னொருத்தி ஊசியக்கா.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. இருபத்து மூன்று வருஷமாக ஊசிப் பொறுப்பு அவளுடையது. தைப்பதெல்லாம் கைக்குழந்தைகளுக்கான உடுப்பு. அதில் உடைந்த ஊசியின் முனை தங்கிப் போனால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அங்கே ஒரு கறாரான முறை உண்டு. ஊசி உடைந்தால் தைப்பவர் கையைத் தூக்கிவிட்டு அப்படியே உட்கார வேண்டும். ஊசியக்கா காந்தக் குச்சியும் தட்டுமாக வருவாள். துண்டுகளைப் பொறுக்கி, பதிவேட்டில் அச்சடித்திருக்கும் முழு ஊசியின் படத்தின்மேல் பொருத்தி டேப் ஒட்டுவாள். முனையிலிருந்து காம்பு வரை படம் நிரம்பினால்தான் கையெழுத்து. கையெழுத்து விழுந்தால்தான் புது ஊசி. நிரம்பாவிட்டால் வரிசை நிற்க வேண்டியதுதான், யார் தலைகீழாக நின்றாலும் அவள் அசைய மாட்டாள்.

ஒருமுறை அரை அரிசி அளவு முனை ஒன்று காணாமல் போய் வரிசை நாற்பது நிமிஷம் நின்றது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தார்.

"என்னம்மா இது? கப்பலுக்கு நேரமாகுது. பெரிய துண்டுதான் கிடைச்சிருச்சே, விடுங்களேன்."

"பெரிய துண்டு கண்ணுக்குத் தெரியுது சார், அத யாராவது எடுத்துப் போட்டுருவாங்க. எனக்கு வேண்டியது மிச்சம்."

எல்லோரும் தரையைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். தைக்கிறவளின் கொண்டையில், இரண்டு முடிக்கு நடுவே, அது மினுங்கிக்கொண்டிருந்தது. மெஷின்கள் மறுபடி ஓடின. மேனேஜர் மட்டும் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அறைக்குத் திரும்பிப் போனார். அன்றிலிருந்து அவருக்கு ஊசியக்காவைக் கண்டாலே ஆகாது.

இப்படிப்பட்டவள் வீட்டிலும் எப்படி இருப்பாள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? கணவர் நகர பஸ் ஓட்டுகிறவர். ரோட்டில் அத்தனை பேரையும் ஹாரன் அடித்து விரட்டுகிற மனுஷன், வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கூட ஜோடி சேர்த்துத்தான் விட வேண்டும். இரண்டாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. பகலெல்லாம் அவள் கையில் குழந்தைச் சட்டை, வீட்டில் அதைப் போட்டுக்கொள்ள ஆளில்லை. அதைப் பற்றி இருவரும் பேசி, அழுது, முடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

ஒருநாள் மத்தியான ஷிப்ட் முடிந்து வந்த பஸ்காரரின் சாப்பாட்டுப் பை அசைந்தது.

"இது என்னங்க?"

"நாய்."

"நாய்னு தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்."

"ரெண்டே நாள்தான். டெப்போவுல ஒருத்தர் கேட்டிருக்காரு. வந்து வாங்கிட்டுப் போயிடுவாரு."

அந்த ஒருத்தர் இன்று வரை வரவில்லை. அப்படி ஒருத்தர் பிறக்கவே இல்லை என்பது ஊசியக்காவுக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும் அவள் கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தாள். பழுப்பு நிறம், இடது முன்னங்கால் மட்டும் வெள்ளை. குடித்துவிட்டு அவள் பாதத்தின்மேலேயே படுத்துத் தூங்கியது. கால் மரத்துப் போகும் வரை அவளும் நகரவில்லை. அதைப் பஸ்காரர் பார்த்தும் பார்க்காதவர் போல் இருந்தார், கெட்டிக்காரர்.

நாலாவது மாசம் பிறந்ததும் குட்டி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. நாற்காலிக் காலில் பாதி, டிவி ரிமோட்டின் ரப்பர் பொத்தான்களில் ஐந்து, பஸ்காரரின் ஜோடி சேர்த்து வைத்த செருப்பில் சரியாக ஒற்றை. பத்தே நாளில் அதற்குக் 'கத்தரி' என்று பெயர் விழுந்துவிட்டது. தடுப்பூசி போடக் கொண்டுபோனபோது கால்நடை டாக்டரம்மா அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"பால் பல் விழுந்து புதுப் பல் வர்ற நேரம். ஈறு அரிக்கும், கண்டதையும் கடிக்கும். எதக் கடிக்குதுன்னு பாத்துக்கங்க."

பாத்துக்கங்க என்று வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இதை ஊசியக்காவிடம் சொன்னதுதான் வினை. வீட்டுக்கு வந்த கையோடு ஒயர்களையெல்லாம் சுவரின் உயரத்துக்கு ஏற்றினாள். பஸ்காரர் ஆசையாக வாங்கி வந்த விளையாட்டுச் சாமான்களை மேஜையில் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். கெட்டி எலும்பு ஒன்று. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள், பள்ளமே விழவில்லை. இதைக் கடித்தால் பல்தான் உடையும், ரிஜெக்ட். சின்னப் பந்து. குட்டியின் வாய்க்குள் முழுசாகப் போகிறது, தொண்டையை அடைக்கும், ரிஜெக்ட். முடிச்சுப் போட்ட கயிறு. நுனியை இழுத்துப் பார்த்தாள், நூல் நூலாகப் பிரிந்தது. நூல் குடலில் சுற்றினால் என்ன ஆவது?

"சந்தையில இருக்கறத எல்லாம் ரிஜெக்ட் பண்ணிட்டா அது என்னத்ததான் கடிக்கும்? என் விரலையா?" என்றார் பஸ்காரர்.

"உங்க விரலும் சின்னதுதான். எதுக்கும் தள்ளியே வைங்க."

தேறியது இரண்டே இரண்டு. அந்த இரண்டையும் ஒரு நூறு பக்க நோட்டில் வைத்துச் சுற்றிக் கோடு வரைந்தாள். பக்கத்தில் தேதி, கீழே கையெழுத்து. ஏதாவது பிய்ந்தால் துண்டுகளை அந்தப் படத்தின்மேல் ஒட்ட வேண்டும், படம் நிரம்பினால்தான் அடுத்த சாமான். தொழிற்சாலைச் சட்டம் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டது. பஸ்காரர் டெப்போவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இந்த நேரத்தில்தான் தொழிற்சாலைக்குப் புது வேலை ஒன்று வரும் போலிருந்தது. குழந்தைகளுக்கான துணி பொம்மைகள். சாம்பிள் ரூம்காரர் மாதிரிக்கு ஒரு மஞ்சள் வாத்து தைத்திருந்தார். அமுக்கினால் 'கீக்' என்று கத்தும். ஊசியக்கா அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தையல் இரட்டைத் தையல், நூல் தடித்த நூல், கண்கள் ஒட்டு வைக்காமல் நூலாலேயே போட்டவை. அவள் மனசு கேட்கவில்லை.

"இதுல இன்னொன்னு எனக்குத் தைச்சுக் குடுங்களேன். வீட்டுல ஒருத்தன் பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டிருக்கான்."

தைத்துக் கொடுத்தார். தொழிற்சாலையில் உடைந்த ஊசி கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்று உண்டு. ஓடும் பட்டையில் துணியை வைத்தால் உள்ளே போய் வெளியே வரும். இரும்புத் துணுக்கு இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. வாத்தை அதில் ஒருமுறைக்கு மூன்றுமுறை அனுப்பினாள். மூன்று முறையும் பச்சை. மகராசி, அங்கேதான் சறுக்கினாள். இருபத்து மூன்று வருஷம் ஒரே விளக்கைப் பார்த்துப் பார்த்து, பச்சை எரிந்தால் ஆபத்தில்லை என்று கண் பழகிவிட்டது. வாத்தின் வயிற்றுக்குள் கத்துகிற அந்தத் தட்டையான சின்ன வட்டப் பெட்டி வெறும் பிளாஸ்டிக். அது மெஷினுக்கும் தெரியவில்லை, மெஷினை நம்பியவளுக்கும் தோன்றவில்லை. நோட்டில் வாத்தைச் சுற்றி அழகாகக் கோடு வரைந்தாள், உள்ளே இருப்பதை வரையவில்லை.

மூன்று நாள் வாத்து நன்றாகத்தான் கத்தியது. தான் பார்க்கும்போது மட்டும் கொடுப்பாள், எழுந்தால் வாங்கி மேலே வைத்துவிடுவாள். நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி. பஸ்காரர் கண்ணாடி முன் முகத்தில் நுரையோடு நின்றார். குட்டியை வாத்தோடு அவர் காவலில் விட்டுவிட்டு அவள் பால்கனியில் துணி உலர்த்தினாள். உள்ளேயிருந்து கீக், கீக், கீக். நாலாவது சட்டையை உதறும்போது சத்தம் நின்றது.

ஓடுகிற மெஷின்களில் ஒன்று நின்றால் அது அவளுக்கு நூறு மெஷின் தாண்டியும் கேட்கும். சட்டையைப் போட்டது போட்டபடி உள்ளே ஓடினாள். வாத்து கிழிந்து கிடந்தது. பஞ்சு அறை முழுக்க. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை, இரட்டைத் தையல் அப்படியே இருந்தது. தையலுக்குப் பக்கத்துத் துணியை அந்தக் கத்தரி வெட்டியிருந்தது. வாலை ஆட்டிக்கொண்டு, மூக்கில் பஞ்சோடு, என்னைப் பாராட்டு என்பது போல அவளைப் பார்த்தது.

அவள் திட்டவில்லை. "யாரும் நகரக்கூடாது" என்றாள்.

வீட்டில் இருந்ததே மூன்று பேர்தான். பஸ்காரர் நுரையோடு நின்றார். அவள் குட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு முட்டி போட்டுத் தரையில் இறங்கினாள். துணித் துண்டுகளை நோட்டில் வைத்தாள், வாத்து முழுசாக வந்தது. பஞ்சைப் பிரித்துப் பிரித்துத் தேடினாள். வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள் கிடைத்தன, ஒன்று, மூன்று, ஆறு. சேர்த்து வைத்தால் ஒரு வட்டம். வட்டத்துக்கு யாரும் படம் வரைந்து வைக்க வேண்டியதில்லை, எங்கே குறைகிறது என்று அதுவே சொல்லும். நடுவிலிருந்து விளிம்பு வரை, விசிறியை மடித்தது போல ஒரு துண்டு இல்லை.

"இந்தா, கிடைச்சிருச்சு!" பஸ்காரர் நாற்காலிக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்றை எடுத்து நீட்டினார். "நீ வேற, காலங்காத்தால உயிரை எடுத்துட்ட."

அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. வாங்கி வட்டத்தின் இடைவெளியில் வைத்தாள். பொருந்தவில்லை. திருப்பி வைத்தாள், பொருந்தவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அரிசியை விடக் கொஞ்சம் பெரிது, ஒரு முனை கூர், மறுமுனையில் துளி ரத்தம்.

"இது பிளாஸ்டிக் இல்லங்க. பல்லு. அதோட பல்லு."

"அப்போ?"

"ஒண்ணு கூடுது, ஒண்ணு குறையுது. கூடுறது அதோட வாயிலேர்ந்து வந்தது. குறையுறது அதோட வாய்க்குள்ள போயிருக்கு."

பஸ்காரருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. பல்லையே இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தவருக்கு அது மட்டும் கிடைக்காதா என்ன? கட்டிலை நகர்த்தினார்கள், அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்தார்கள், பால்கனிச் சாக்கடைத் துளைக்குள் கரண்டியை விட்டுத் துழாவினார்கள். ஊசியக்கா குட்டியின் வாயைத் திறந்து, நாக்குக்கு அடியில், கன்னத்துக்குள், எல்லாம் விரலை விட்டுப் பார்த்தாள். கடைசியாகப் பஸ்காரரின் தலைமுடியைக் கூடப் பார்த்தாள். அதில் தேட அதிகம் இல்லை. பத்தே நிமிஷம்தான் தேடினார்கள், பதினோராவது நிமிஷம் அவள் பிஸ்கட் பெட்டி அட்டையில் அந்தக் குறையின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்தாள். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"கிளம்புங்க."

"முகத்துல நுரை இருக்கு."

"துவாலைய எடுத்துக்கங்க, போறப்ப துடைச்சுக்கலாம்."

மருத்துவமனையில் கத்தரி செய்த துரோகத்தை என்ன சொல்ல? கொஞ்சம் சோர்ந்தாவது படுத்திருக்கலாம். டாக்டரம்மாவைப் பார்த்ததும் துள்ளியது, கையை நக்கியது, அவர் கழுத்தில் தொங்கிய குழாயைக் கடிக்கப் போனது. டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்தார். குட்டி எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன, வேறொன்றும் இல்லை.

"ஒண்ணும் தெரியலையே. நல்லா விளையாடுது. முழுங்கியே இருந்தாலும் சின்னதா இருந்தா தானா வெளிய வந்துரும். ரெண்டு நாள் பாருங்க, வாந்தி எடுத்தா கூட்டிட்டு வாங்க."

பஸ்காரர் உடனே எழுந்துவிட்டார். டாக்டரே சொல்லிவிட்டார், வேறு என்ன வேண்டும்? ஊசியக்கா எழவில்லை. முகம் சிவந்திருந்தது, கோபத்தில் இல்லை, வெட்கத்தில். காலையிலிருந்து தொண்டையில் நின்றதை இப்போது சொல்லியே ஆக வேண்டும்.

"டாக்டரம்மா, எங்க ஃபேக்டரியிலயும் ஒரு மெஷின் இருக்கு. அதுக்கு இரும்பு மட்டுந்தான் தெரியும். இந்த வாத்த நானே அதுல மூணு தடவ விட்டேன், பச்ச லைட்டு எரிஞ்சுது, நம்பிட்டேன். தப்பு என் மேலதான். இப்ப உங்க மெஷினும் பச்ச காட்டுது. ஒரு நாள்ல ரெண்டு தடவ நான் ஏமாற மாட்டேன். இதுக்குப் பிளாஸ்டிக் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "தெரியாது. பெரும்பாலும் தெரியாது."

அவள் நோட்டைப் பிரித்து மேஜையில் வைத்தாள். துணி வாத்து ஒரு பக்கம், டேப்புக்கு அடியில் உடைந்த வட்டம் மறுபக்கம். அட்டைத் துண்டை டாக்டரம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்த அளவு, இந்த வடிவம். ரெண்டு பக்கம் நேர் விளிம்பு, கத்தி மாதிரி இருக்கும். ஒரு முனை ஊசி. காலைல எட்டுலேர்ந்து எட்டே காலுக்குள்ள போயிருக்கு. வீட்டுல இல்ல. இல்லன்னா இல்லைங்க, நான் தேடிட்டேன்."

டாக்டரம்மா அட்டையின் கூர்முனையில் விரலை வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே மறைந்துவிட்டது.

"எல்லாரும் 'என்னமோ முழுங்கிருச்சு'ன்னுதான் வருவாங்க. அளவெடுத்துட்டு யாரும் வந்ததில்ல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, ஒளிக்காம சொல்றேன். இவ்வளவு கூரா இருந்தா வாந்தி எடுக்க வைக்க முடியாது, தொண்டையக் கிழிச்சிரும். இப்ப இரைப்பையில இருந்தா, மயக்க மருந்து குடுத்து, கேமரா வச்ச குழாய வாய் வழியா விட்டு எடுத்துரலாம். மத்தியானத்துக்குள்ள குடலுக்கு நகர்ந்துட்டா வயித்தக் கிழிக்கணும். ஆனா இவ்வளவு சின்னக் குட்டிக்கு மயக்க மருந்தும் விளையாட்டு இல்ல. உள்ள ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னா, சும்மா ஒரு ஆபத்துல தள்ளுன மாதிரி. நீங்கதான் சொல்லணும்."

பஸ்காரர் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். அது அவர் சட்டைப் பொத்தானைத் தேடியது.

"வேண்டாம்மா. நல்லாத்தான இருக்கு. தூக்கத்துலயே போயிருச்சுன்னா என்ன பண்ணுவோம்?" அவர் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படி உடைந்து அவள் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறாள், அதுவும் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான்.

தப்பாகப் போனால் போவது ஒரு சட்டை இல்லை. அவள் நோட்டை மடியில் வைத்து மறுபடி எண்ணினாள். துணி பதினான்கு. பிளாஸ்டிக் ஆறு. பல் ஒன்று. இடைவெளியின் விளிம்புகளை நகத்தால் தடவினாள். உடைந்த ஓரம் புதிது, வெள்ளையாக இருந்தது. தைத்த இடத்திலேயே குறையாக இருந்திருந்தால் வாத்து கத்தியே இருக்காது. மூன்று நாள் கத்தியது, இன்று காலை எட்டு மணி வரை கத்தியது. ஆக, பெட்டி முழுசாக இருந்திருக்கிறது.

"உள்ளதான் இருக்கு" என்றாள். "எடுங்க டாக்டரம்மா."

நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆயிரக்கணக்கில் போட்ட கையெழுத்து, அன்று மட்டும் கோணலாக விழுந்தது. கம்பவுண்டர் வந்து கத்தரியைத் தூக்கிப் போனார். கதவு மூடும் வரை அது வாலை ஆட்டிக்கொண்டே போனது.

வெளியே நீளமான பெஞ்சு. எதிரே ஒரு பூனையைக் கூண்டில் வைத்துக்கொண்டு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பஸ்காரரின் இடது காதோரம் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் தன் துப்பட்டாவால் அதைத் துடைத்துவிட்டாள். நான் கொண்டு வந்த வாத்து, நான் கொண்டு வந்த வாத்து என்று உள்ளே ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது அவளுக்கு. அவர் அதைக் கேட்டவர் போல, "நான்தான பாத்துக்கறேன்னு சொல்லிட்டு ஷேவ் பண்ணிட்டு நின்னேன்" என்றார். பழியைப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு ஆள் இருப்பதும் பெரிய விஷயம்தான்.

பதினொன்று இருபதுக்குக் கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கழற்றவில்லை. கையில் ஒரு சின்னத் தட்டு. தட்டைப் பெஞ்சில் வைத்தார். நடுவில் வெள்ளையாக ஒரு துண்டு, ஈரத்தோடு.

"இரைப்பை முடியுற வாசல்ல நின்னுச்சு. முனைய முன்னால வச்சுக்கிட்டு. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா குடலுக்குள்ள போயிருக்கும்."

"அது...?"

"தூங்குது. நல்லா மூச்சு விடுது. இப்ப முழிச்சுரும்."

பஸ்காரர் முகத்தைத் துவாலையில் புதைத்துக்கொண்டு அழுதார், பூனைக்காரர்கள் இருப்பதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. ஊசியக்கா இன்னும் அழவில்லை. பையிலிருந்து தன் இடுக்கியை எடுத்தாள். துண்டைத் தூக்கித் துடைத்து, நோட்டில், வட்டத்தின் இடைவெளியில் வைத்தாள். லேசாகத் தள்ளினாள். கடித்த தடங்கூட இந்தத் துண்டிலிருந்து பக்கத்துத் துண்டுக்குக் கோடு தவறாமல் ஓடியது.

"டேப் இருக்குமா?"

டாக்டரம்மாவே ஓடிப் போய் கட்டுப் போடுகிற பிளாஸ்டர் கொண்டு வந்தார். கம்பவுண்டர் வந்தார், பூனைக்காரர்கள் பூனையோடு எழுந்து வந்தார்கள், எல்லோரும் தலையை நீட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். அவள் ஒட்டினாள். ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.

"முழுசு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

"இந்தப் பக்கத்த எனக்குக் குடுப்பீங்களா? இங்க சுவத்துல மாட்டுறேன். வர்றவங்க பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"ஃபோட்டோ எடுத்துக்கங்க டாக்டரம்மா. பதிவேட்டை நாங்க வெளிய குடுக்கறதில்ல."

திங்கட்கிழமை காலை அவள் பதிவேட்டோடு இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனாள். அவளைப் பார்த்ததுமே அவருக்கு முகம் சுருங்கியது.

"எந்த வரிசைய நிறுத்தப் போறீங்க இன்னிக்கு?"

"வரிசை இல்ல சார். வாத்து."

நோட்டைப் பிரித்து வைத்தாள். நடந்ததைச் சொன்னாள், தன் தப்பையும் சேர்த்தே. அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"பாவம்தான். ஆனா இது நாய் கடிச்சது. நாம தைக்கறது குழந்தைக்கு. சாம்பிள் எல்லா மெஷின்லயும் பாஸ் ஆயிருச்சு."

"குழந்தைக்கும் பல் முளைக்குமே சார்."

அவ்வளவுதான் சொன்னாள். மேனேஜரின் மேஜையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய ஒரு வயது மகள் இரண்டே பல்லோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் படத்தைப் பார்த்தார், டேப்புக்கு அடியில் இருந்த கூர்முனையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு சாம்பிள் வாத்தின் சீட்டை எடுத்து, அந்தக் கத்தும் பெட்டி இல்லாமல் புதிதாகத் தைக்க வேண்டும் என்று எழுதினார். எழுதிவிட்டு, அவரே கையெழுத்துப் போட்டார். இருபத்து மூன்று வருஷத்தில் ஊசியக்கா கேட்காமலே அவள் பக்கம் விழுந்த முதல் கையெழுத்து அதுதான்.

கதவருகே போனவளை அவர் கூப்பிட்டார். "குட்டி எப்படிம்மா இருக்கு?"

"நேத்து சாயங்காலமே மேஜைக் காலைக் கடிக்க ஆரம்பிச்சிட்டான் சார்."

அன்று மாலை ஊசியக்கா கையில் ஒரு ரப்பர் வளையத்தோடு வீட்டுக்கு வந்தாள். தடித்த வளையம், உள்ளே எதுவும் இல்லை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து நிமிர்கிறது. குட்டியின் வாயை விட இரண்டு மடங்கு பெரிது. கடையில் நின்று மூன்று பேர் பொறுமையைச் சோதித்துப் பொறுக்கியது. கத்தரி வாசலிலேயே அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து வளையத்துக்குத் தாவியது. பஸ்காரர் அதைத் தூக்கி, தைப்பவர்கள் செய்வது போல அதன் வெள்ளைக் காலை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"அக்கா, பழசு முழுசா ஒப்படைச்சாச்சு. புதுசு குடுங்க."

"இருங்க" என்றாள். மேஜையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வாத்துப் பக்கத்தை எடுத்தாள். மிச்சமாக இருந்த பால் பல்லை ஓரத்தில் ஒட்டி, அதன் கீழே 'கூடுதல் ஒன்று' என்று எழுதினாள். அடுத்த பக்கத்தில் வளையத்தைச் சுற்றிக் கோடு வரைந்தாள், வெளியேயும், உள்ளேயும். குட்டி குரைத்தது, பஸ்காரர் சிபாரிசு செய்தார். அவள் யாருக்கும் அசையவில்லை. தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் வளையத்தைக் கொடுத்தாள்.